கடைசி நூறு மீட்டர்

சைக்கிளில் எவரெஸ்ட் ஏற முடியுமா? கேட்டவுடன் சிரிப்புதான் வரும். பனியும் பாறையுமாக, ஏணி போட்டுப் பிளவுகளைத் தாண்ட வேண்டிய இடத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை? ஆனால் உலகத்தின் பல மூலைகளில் பலர் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதற்காக அவர்கள் நேபாளத்துக்குப் போவதில்லை. ஊருக்குப் பக்கத்தில் தார்ச்சாலை போட்ட ஒரு குன்று இருந்தால் போதும்!

இந்தச் சவாலின் பெயர் எவரெஸ்டிங். விதிகள் மிக எளிமையானவை. ஏதாவது ஒரு மேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சைக்கிளில் ஏற வேண்டும், ஏறிய வழியே இறங்க வேண்டும், மறுபடியும் ஏற வேண்டும். ஏறிய உயரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை எவரெஸ்டின் உயரமான 8,848 மீட்டரைத் தொட்டால் வெற்றி. நடுவில் சாப்பிடலாம், உட்காரலாம், பஞ்சர் ஒட்டலாம். தூங்க மட்டும் கூடாது. எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி, ஒரே சவாரியாக முடிக்க வேண்டும். இங்கே பாதி, அங்கே பாதி என்று இரண்டு மலைகளைக் கூட்டிச் சொல்லவும் முடியாது. ஒரே மேடு, ஒரே பாதை. செக்குமாடு கதைதான்!

மேட்டின் உயரம் 500 மீட்டர் என்றால் 18 முறை ஏற வேண்டும். 100 மீட்டர்தான் என்றால் 89 முறை. தூரம், சரிவைப் பொறுத்தது. 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரும் செங்குத்தான சாலையாக இருந்தால், ஏறுவதற்கு மட்டும் சுமார் 88 கிலோமீட்டர். இறங்குவதையும் சேர்த்தால் 177. சரிவு அதில் பாதியாக இருந்தால் தூரம் இரண்டு மடங்கு, அதாவது 354 கிலோமீட்டர். செங்குத்தாக இருந்தால் தூரம் குறையும், ஆனால் முழங்கால் போய்விடும். சாய்வாக இருந்தால் முழங்கால் தப்பும், ஆனால் விடிய விடிய ஓட்ட வேண்டும். எந்த மேட்டை எடுப்பது என்று தீர்மானிப்பதற்குள்ளேயே பலருக்குப் பல வாரங்கள் ஓடிவிடும்.

உடம்புக்கு இது என்ன கேட்கிறது என்று பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே கணக்குப் போடலாம். 70 கிலோ மனிதர், 8 கிலோ சைக்கிள், மொத்தம் 78 கிலோ. இதை 8,848 மீட்டர் தூக்க வேண்டும். எடையை ஈர்ப்பு முடுக்கத்தாலும் உயரத்தாலும் பெருக்கினால் ஏறத்தாழ 68 லட்சம் ஜூல் வரும். உணவுக் கணக்கில் சொன்னால் சுமார் 1,600 கலோரி. இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் தசைகள், சாப்பிட்டதில் நாலில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றும். மீதியெல்லாம் சூடாகிப் போய்விடும். ஆக, உண்மையான செலவு 6,500 முதல் 8,000 கலோரி வரை. காற்றின் தடை, டயர் உராய்வு எல்லாம் தனி. ஒரு இட்லிக்கு 50 கலோரி என்று வைத்துக்கொண்டால் குறைந்தது 130 இட்லி!

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உடம்பு, தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து மொத்தமாக 2,000 கலோரி அளவுக்குத்தான் வரும். சைக்கிள் மிதிக்கும்போது வயிறு ஒரு மணி நேரத்துக்கு ஏற்றுக்கொள்ளும் மாவுச்சத்தோ 60 முதல் 90 கிராம் வரை. அதாவது 240 முதல் 360 கலோரி. செலவு அதைவிட அதிகம். இருக்கும் கொழுப்பு கைகொடுக்கும், ஆனால் மெதுவாகத்தான் எரியும். அதனால் பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் அசட்டையாக இருந்துவிட்டால் கால் ஓய்ந்து, கண் இருட்டி, ஏன் இந்த வேலையில் இறங்கினோம் என்ற அழுகைதான் வரும். பத்து மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பைக் கண்டாலே குமட்டும். அப்போதும் சாப்பிட்டே ஆக வேண்டும்.

சாதாரண உடல்பயிற்சி உள்ள ஒருவர் மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறினால், ஏறுவதற்கே பதினைந்து மணி நேரம். இறங்குவது, சாப்பிடுவது, நீட்டி நிமிர்வது எல்லாம் சேர்த்தால் இருபதை நெருங்கும். விடியற்காலையில் தொடங்கினால் மறுநாள் விடியற்காலை வரை போகலாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். நள்ளிரவு, தூக்கக் கலக்கம், விறைத்துப்போன விரல்கள், அறுபது கிலோமீட்டர் வேகம். அந்த இறக்கத்துக்குக் கூட்டுத்தொகையில் ஒரு மீட்டர்கூடக் கிடைக்காது. ஆனால் இறங்காமல் அடுத்த முறை ஏறவும் முடியாது.

இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் யாருக்கு முதலில் தோன்றியது? இதற்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது.

1924ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி. ஜார்ஜ் மலோரி, ஆண்ட்ரூ இர்வின் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் திபெத் பக்கமாக எவரெஸ்டின் உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கீழே இருந்த அவர்களுடைய தோழர் நோயல் ஓடெல், மதியம் ஒரு மணிக்குச் சற்று முன்பு மேகம் விலகியபோது, முகட்டின்மேல் இரண்டு கரும்புள்ளிகள் நகர்வதைப் பார்த்தார். மேகம் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர்களை உயிரோடு யாரும் பார்க்கவில்லை. மலோரியின் உடல் 75 ஆண்டுகள் கழித்து, 1999 மே மாதம்தான் கிடைத்தது. இர்வினுடைய ஒரு பாதம் 2024இல் பனியாற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது இறந்தார்களா, தொடாமலேயே இறந்தார்களா என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

மலோரி தன் மனைவி ரூத்தின் படத்தை உச்சியில் வைப்பதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் மூன்று குழந்தைகள். கடைக்குட்டி ஜானுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அந்த ஜானின் மகனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். அவரும் ஜார்ஜ் மலோரிதான். பெயரோடு சேர்த்துத் தாத்தா முடித்தாரா இல்லையா என்று தெரியாத அந்த மலையும் பேரனுக்கு வந்து சேர்ந்தது.

1994இல் பேரன் மலோரி ஆஸ்திரேலியாவில் எவரெஸ்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மெல்பர்ன் நகருக்குக் கிழக்கே டோனா புவாங் என்றொரு மலை. உயரம் 1,250 மீட்டர்தான். எவரெஸ்ட் ஏறப் போகிறவருக்கு அது எம்மாத்திரம்? ஆனால் இருப்பதை வைத்துத்தானே பயிற்சி செய்ய வேண்டும்! அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த மலையில் ஏறி இறங்கினார். ஒருமுறை, இருமுறை என்று கூட்டிக்கொண்டே போய், கடைசியில் ஒரே சவாரியில் எவரெஸ்டின் உயரத்தை எட்டினார். மறு வருடம், 1995 மே 14ஆம் தேதி, தாத்தா போன அதே வடக்குப் பக்கத்து முகடு வழியாக உண்மையான எவரெஸ்டின் உச்சியில் நின்றார். கையோடு கொண்டுபோயிருந்த படத்தை அங்கே வைத்தார். படத்தில் இருந்தவர்கள் தாத்தா ஜார்ஜும் பாட்டி ரூத்தும்.

தாத்தா உச்சியைத் தொட்டாரா என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது. பேரன் ஏறியதைத் தாத்தா பெயரில் எழுத முடியாது. ஆனால் வைப்பதாகச் சொன்ன படம், 71 ஆண்டுகள் கழித்து, போய்ச் சேர்ந்துவிட்டது.

டோனா புவாங் சவாரியைப் பற்றி அவர் எழுதியதை மெல்பர்னைச் சேர்ந்த ஆண்டி வான் பெர்கன் என்ற சைக்கிள்காரர் படித்தார். "ஹெல்ஸ் 500" என்ற சைக்கிள் குழுவை நடத்தி வந்தவர் அவர். 2014இல் உலகின் பல இடங்களில் இருந்த நண்பர்களை ரகசியமாகத் திரட்டி, அவரவர் மேட்டில் எவரெஸ்ட் உயரம் ஏற வைத்தார். பிறகு விதிகளை எழுதி, முடித்தவர்களுக்கென்று ஒரு பெயர்ப் பட்டியலும் தொடங்கினார். ஒரு பேரனின் பயிற்சியாக இருந்தது, எல்லோருக்குமான சவாலாக மாறிவிட்டது. இப்போது 10,000 மீட்டர் வரை போகிறவர்களும் உண்டு!

இந்தச் சவாலில் நடுவர் கிடையாது, கைதட்டக் கூட்டமும் கிடையாது. சைக்கிளில் மாட்டிய சின்னக் கருவி பதிவு செய்வதை, ஸ்ட்ராவா போன்ற செயலியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அந்தக் கருவிகளில் பல, காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடுபவை. இரவில் வானிலை மாறினால் காற்றழுத்தமும் மாறும், எண் தடுமாறும். அதனால் அனுபவசாலிகள் 8,848 வந்தவுடன் நிறுத்துவதில்லை. பிற்பாடு சரிபார்க்கும்போது கொஞ்சம் குறைந்துவிட்டால்? பட்ட பாடெல்லாம் அரைக்கிணறு தாண்டிய கதையாகிவிடும். ஆகவே இன்னொரு சுற்று!

உயரத்தின் எண்ணுக்கே ஒரு பழைய கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்திய நில அளவைத் துறை கணக்குப் போட்டபோது எவரெஸ்ட் சரியாக 29,000 அடி என்று வந்ததாம். அப்படியே சொன்னால் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள் என்று உலகம் நினைக்குமே என்று இரண்டு அடி கூட்டினார்களாம். 1856இல் அறிவிக்கப்பட்ட எண் 29,002 அடி என்பது மட்டும் உறுதி. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். மலைக்கு இரண்டு அடி கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. ஏறுகிறவருக்கு அப்படி இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் 2020இல் நடந்தது. கொரோனாவால் சைக்கிள் பந்தயங்கள் எல்லாம் ரத்தாகிவிட்டன. கை கால் துறுதுறுக்கும் பந்தய வீரர்கள் என்ன செய்வார்கள்? எவரெஸ்டிங் பக்கம் திரும்பினார்கள். சாதாரணமானவர்கள் இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும் சவாலை எட்டு மணி நேரத்துக்குள் முடிக்கும் போட்டி ஆரம்பித்தது. மே மாதம் அமெரிக்காவின் பில் கெய்மன் 7 மணி 52 நிமிடத்தில் முடித்தார். ஜூன் மாதம் ஆஸ்திரேலியரான லாக்லன் மார்ட்டன், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு மலைச்சாலையில் 7 மணி 32 நிமிடத்தில் முடித்தார். புதிய சாதனை என்று செய்தி பரவியது.

பிறகுதான் தெரிந்தது, அந்தச் சாலையின் உயரமாக எல்லோரும் நம்பியிருந்த எண்ணே தவறு என்று. மொத்தத்தில் சில நூறு மீட்டர் குறைந்தது. தவறு அவருடையது அல்ல, எண்ணைத் தந்த தரவினுடையது. ஏழரை மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதித்தது பொய்யும் அல்ல. ஆனாலும் 8,848 மீட்டர் ஆகவில்லை. சாதனை செல்லாமல் போனது.

மார்ட்டன் என்ன செய்தார்? அதே மாதத்துக்குள் அதே சாலைக்குத் திரும்பிப் போனார். விடுபட்ட சில நூறு மீட்டரை மட்டும் ஏறிச் சேர்த்துவிட முடியாது, விதி அப்படி. முதலிலிருந்து முழுதாக ஏறினார். இந்த முறை 7 மணி 29 நிமிடம். முன்பு செய்ததைவிட அதிக உயரம், குறைவான நேரம்! அடுத்த மாதமே ஸ்பெயினின் ஆல்பெர்ட்டோ கொன்டடோர் அந்தச் சாதனையை இரண்டு நிமிடம் சொச்சத்தில் முறியடித்தார். அதே ஜூலையில், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற எம்மா பூலி, சுவிட்சர்லாந்தில் 8 மணி 53 நிமிடத்தில் முடித்துப் பெண்களுக்கான சாதனையைப் படைத்தார். 2021 மார்ச் மாதம் அயர்லாந்தின் ரோனன் மக்லாக்லின் 6 மணி 40 நிமிடத்துக்கே வந்துவிட்டார். சாதனைகள் வரும், போகும். மார்ட்டனின் பெயர் பட்டியலில் இருந்தது சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களுக்காக அவர் எவரெஸ்ட் உயரத்தை இன்னொரு முறை முழுதாக ஏறினார்.

இதையெல்லாம் உண்மையான எவரெஸ்டோடு ஒப்பிடலாமா? கூடாது. உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே தவறினால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஊர்க் குன்றில் முடியவில்லை என்றால் காரில் வீட்டுக்குப் போய்விடலாம். பெயரில்தான் எவரெஸ்ட் இருக்கிறதே தவிர ஆபத்தில் இல்லை.

ஆனால் சைக்கிளையும் உண்மையான எவரெஸ்டையும் சேர்த்தே பார்த்த ஒருவர் இருந்தார். ஸ்வீடனைச் சேர்ந்த கோரன் க்ராப். 1995 அக்டோபரில் ஸ்டாக்ஹோமிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். நூறு கிலோவுக்கு மேல் சாமான். ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் மிதித்து நேபாளம் வந்து சேர்ந்தார். அங்கேயும் ஷெர்ப்பாக்களின் உதவி வேண்டாம், ஆக்சிஜன் உருளை வேண்டாம் என்று தன் சாமான்களைத் தானே சுமந்து ஏறினார்.

1996 மே மாதத் தொடக்கத்தில், தொடையளவு பனியில் வழி உண்டாக்கிக்கொண்டு, உச்சிக்கு ஏறத்தாழ நூறு மீட்டர் கீழே வரை போய்விட்டார். யோசித்துப் பாருங்கள்! 13,000 கிலோமீட்டர் வந்தாயிற்று. எட்டாயிரத்து எழுநூறு மீட்டருக்கும் மேல் வந்தாயிற்று. உச்சி கண்ணுக்குத் தெரிகிறது. வேறு யாராக இருந்தாலும் "இன்னும் நூறு மீட்டர்தானே" என்று போயிருப்பார்கள். ஆனால் நேரம் கடந்துவிட்டது. மேலே போனால் வெளிச்சத்தில் திரும்ப முடியாது. க்ராப் திரும்பி இறங்கினார்.

அடுத்த சில நாட்களில், மே 10ஆம் தேதி, எவரெஸ்டில் பெரும் புயல் வீசியது. எட்டுப் பேர் இறந்தார்கள். திரும்ப வேண்டிய நேரம் கடந்த பிறகும் மேலே போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். க்ராப் உயிரோடு இருந்தார், பிழைத்தவர்களுக்கு உதவினார். மே 23ஆம் தேதி மறுபடி ஏறி, ஆக்சிஜன் உருளை இல்லாமலேயே உச்சியைத் தொட்டார். திரும்பும் வழியிலும் ஒரு பகுதியைச் சைக்கிளிலேயே கடந்தார். 2002இல் அமெரிக்காவில் ஒரு பாறை ஏற்ற விபத்தில் இறந்தார்.

அரைக்கிணறு தாண்டினால் கிணற்றுக்குள்தான் விழ வேண்டும் என்பார்கள். கிணற்றுக்கு அது சரி, அந்தரத்தில் திரும்ப முடியாது. மலை அப்படியல்ல. திரும்பி வரலாம், மறுபடி போகலாம். ஆனால் இரண்டு விஷயம் வேண்டும். குறைந்ததைக் குறைந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தயாராக இருக்க வேண்டும். க்ராப் "கிட்டத்தட்டத் தொட்டுவிட்டேன்" என்று ஊருக்குப் போகவில்லை. மார்ட்டன் "கிட்டத்தட்ட முடித்துவிட்டேன்" என்று வாதாடவில்லை. அந்தக் "கிட்டத்தட்ட" என்ற வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு கஷ்டமும்.

பட்டியலில் இருக்கும் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாதவை. வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். அப்படி ஒருவர் எங்கோ ஒரு மேட்டில் இரவு மூன்று மணிக்கு நின்றுகொண்டிருப்பார். கருவியில் 8,748 என்று காட்டும். தெருவிளக்கும் ஒரு நாயும் தவிர எதிரே யாரும் இல்லை. வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து "எவரெஸ்ட் ஏறிவிட்டேன்" என்று நண்பர்களிடம் சொன்னால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. நூறு மீட்டர் யாருக்குத் தெரியும்?

அவருக்குத் தெரியும். அதனால்தான் வாழைப்பழத்தை மென்று விழுங்கிவிட்டு, சைக்கிளைத் திருப்பி, மறுபடியும் அடிவாரத்துக்கு இறங்குகிறார்.